விருதின் மேல் நின்ற பனிச்சறுக்குக்காரன்

1

போன புதன்கிழமை காலை பழுப்புச் சீஸ் சீவிக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு பாணுக்கு இரண்டு சீவல் என்பது என் கணக்கு. மூன்றாவதற்கு வைத்தியர் சம்மதிக்கவில்லை. இரண்டாவது சீவலில் கத்தி நிற்கும்போது மயூரன் தொலைபேசியில் வந்தான்.

மயூரன் எங்கள் ஒஸ்லோ தமிழ்த் திரைப்பட விழாவின் இன்றைய செயற்குழுவில் இருக்கும் பொடியன். இங்கேயே பிறந்தவன். மரியாதையான பிள்ளை. தமிழில் தொடங்குவான், மூன்றாவது வசனத்தில் நொர்வேஜிய மொழிக்குப் போய்விடுவான், நான் பதிலைத் தமிழில் சொன்னால் திரும்பி வருவான். இந்தமுறை மண்டப வாசலில் ஆரம்ப காலப் படங்களைப் பெரிதாக்கி மாட்டப் போகிறார்களாம். முதலாவது விழாவின் படங்கள் என்னிடம்தான் ஒழுங்காக இருக்கின்றன. நிற்பவர்கள் யார் யார் என்று இடமிருந்து வலமாகக் குறித்து அறுபத்துநான்கு படங்களை அனுப்பியிருந்தேன். அதில் ஒன்றில் அவனுக்குச் சந்தேகம்.

"அங்கிள், அந்த வயசான நடிகர் வாழ்நாள் விருது வாங்கிற படம் இருக்குதல்லோ. அவற்ற கையில இருக்கிறது ஷீ ஓட்டத்துக்குக் குடுக்கிற கப் மாதிரி இருக்கு. மேல ஒராள் ஷீயில நிக்கிறார்."

ஷீ என்பது இந்த நாட்டுக்காரர் குளிர்காலம் முழுக்கக் காலில் பூட்டிக்கொண்டு திரியும் பனிச்சறுக்குப் பலகை. அவன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஓம் என்றேன்.

ஏன் என்று கேட்டான். நான் யோசித்துக்கொண்டு நின்றதை அவன் வெட்கம் என்று நினைத்திருக்கவேண்டும். பறவாயில்லை, அந்த மேல்துண்டைக் கணினியில் அழித்துவிடலாம், ஒருவருக்கும் தெரியவராது என்று என்னைத் தேற்றினான். நான் சொல்லும்வரை அந்தப் படத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். பாண் காய்ந்துபோயிருந்தது.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒஸ்லோவில் ஒரு திரைப்பட விழாவும், அதில் ஒரு விருதும், அதன்மேல் ஒரு பனிச்சறுக்குக்காரனும் ஏன் என்று விளங்காமல் போகலாம். மயூரனுக்குச் சொல்லவேண்டிய பதிலை உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

2

இப்போதைய விழாவை நீங்கள் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் கம்பளம் இருக்கிறது. படங்கள் இணைப்பாக வந்து இறங்குகின்றன. வாக்களிப்பு தொலைபேசியில். போன வருடம் முன்வரிசையில் இருந்த இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் படம் ஓடும்போது தங்களைத் தாங்களே படம் எடுத்தார்கள். எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதல் விழாவைத் தொடங்கியவர்கள் நாங்கள் ஏழு பேர். ஒருவருக்கும் சினிமா தெரியாது. தலைவர் பொன்னண்ணை முதியோர் இல்லத்தில் சமையல். சிவா டாக்சி ஓட்டினான். நான் ஒரு மருத்துவமனையின் சலவைக் களஞ்சியத்தில் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் எண்ணி அனுப்புகிறவன். யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறிய கை, இங்கே விரிப்பு எண்ணியது. அதில் எனக்குக் குறை இல்லை. எண்ணுவது எண்ணுவதுதான்.

ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் எங்கள் குடியிருப்பின் நிலவறைப் பொது அறையில்தான் கூட்டம். ஐந்து நாடுகளில் இருந்து படங்கள் வந்திருந்தன, ஆகவே பெயரில் 'சர்வதேச' இருக்கவேண்டும் என்று பொன்னண்ணை பிடிவாதம் பிடித்தார். ஏழு விருதுகள் என்று முடிவானது. ஏழாவது வாழ்நாள் விருது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் பெரிய பெயர்கள் எல்லாம் அடிபட்டன. பெரிய பெயர்கள் வருவதற்கு எங்களிடம் வசதி இல்லை. அப்போது நான் ஒருவரைச் சொன்னேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் உங்களுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் மட்டும் 'அட, இவரா' என்பீர்கள். ஸ்டேஷன் மாஸ்டராக வந்து ரயில் போய்விட்டது என்பார். பதிவாளராக வந்து கையெழுத்துப் போடச் சொல்லுவார். டாக்டராகக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அறைக்கு வெளியே வருவார், அவ்வளவில் எங்களுக்கு விளங்கிவிடும். யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில், மூட்டைப்பூச்சி கடிக்கும் இரண்டாம் வகுப்பு மர வாங்குகளில் குந்தியிருந்து, நான் மட்டும் அவரை எண்பத்துமூன்று படங்களில் பார்த்திருக்கிறேன். கதாநாயகனுக்குக் கைதட்டுவோம், வில்லனுக்குக் கூவுவோம். அவர் வரும்போது ஒன்றும் செய்யமாட்டோம். ஆனால் அவர் வராத படம் ஏதோ ஆள் குறைந்த படம் போல இருக்கும். அவருக்கு ஒரு இடத்திலும் ஒரு விருதும் கிடைக்கவில்லை என்று விசாரித்து அறிந்தோம்.

சென்னைக்குத் தொலைபேசி எடுத்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று இரண்டு தரம் வைத்துவிட்டார். மூன்றாம் தரம் அவருடைய மனைவி எடுத்து, "நார்வேன்னா எங்க இருக்கு?" என்று கேட்டார். விசா இன்னொரு பாடு. திரும்பிப் போவார் என்பதற்கு வேலை ஒப்பந்தம் காட்டச் சொன்னார்கள். நாள் ஷூட்டிங்குக்குக் காலையில் தொலைபேசியில் கூப்பிடும் மனிதரிடம் என்ன ஒப்பந்தம் இருக்கும்? பயண நோக்கம் என்ற இடத்தில் வேலை, படிப்பு, குடும்பம் எல்லாம் இருந்தது. விருது வாங்குதல் இல்லை. 'வேறு' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, அவர் திரும்பிப் போவதற்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் விமானம் ஏறும்வரை எனக்கு நித்திரை இல்லை.

3

வியாழக்கிழமை வந்து இறங்கினார். சித்திரை மாதம். பனி உருகி, குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்க வீதியில் கொட்டியிருந்த சரளைக்கல் காலுக்குள் நறுநறுத்தது. சிவாவின் குளிர்க்கோட்டு அவருக்கு முழங்காலுக்குக் கீழே வந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சின்ன மனிதர்.

விருந்தினரை ஹோட்டலில் விடுகிற வழக்கம் எங்களிடம் அப்போது இல்லை. வீட்டுக்கு வீடு பங்கு போட்டோம். அவர் எங்கள் பங்கு. மகள் ஆரணியின் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, ஆரணியை எங்கள் அறையில் படுக்கவைத்தோம். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. தாத்தா என்று கூப்பிட்டு ஒரு நாளுக்குள் ஒட்டிக்கொண்டாள்.

என் மனைவி புட்டும் சொதியும் வைத்தாள். அவர் சொதியை ரசம் என்று நினைத்து டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். எங்கள் பேச்சைக் கேட்க ரேடியோ நாடகம் போல இருக்கிறது என்றார். அவர் 'சார்' என்பார், நான் 'ஐயா' என்பேன். நான் பார்த்த எண்பத்துமூன்று படங்களையும் சொல்லிக்கொண்டு வந்தேன். அதில் ஒன்பதில் தான் நடித்ததே மறந்துபோய்விட்டது என்றார். மனைவியிடம் விருதைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருப்பதாகவும், வீட்டில் டிவிக்கு மேலே இடம் ஒதுக்கித் துடைத்து வைத்திருக்கிறாள் என்றும் சிரித்துக்கொண்டு சொன்னார்.

இனி அந்தக் கப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். பங்குனியில் ஆரணியின் பள்ளிக்கூடத்தில் ஷீ ஓட்டம் நடந்தது. சூடான சாற்றுக் குவளையோடு நானும் போய்க் காட்டு ஓரத்தில் விறைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் ஐம்பத்தெட்டுப் பேர். ஆரணி இரண்டு தரம் விழுந்தாள். ஒரு ஷீ கழன்று பள்ளத்தில் போய்விட்டது, அதை எடுத்துவந்து பூட்டி ஓடினாள். எல்லைக்கோட்டில் எல்லாருக்கும் ஒரேமாதிரிக் கப் கொடுத்தார்கள். தங்க நிறப் பிளாஸ்டிக், மேலே கைத்தடிகளோடு வளைந்து நிற்கும் ஒரு சின்ன மனிதன்.

"எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்டேன்.

"அப்பிடி இல்லை அப்பா. எல்லாரும்."

எங்கள் ஊரில் ஒரு பிள்ளையைக் கண்டால் முதற் கேள்வியே வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதுதான். பெயர் பிறகு. பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முதலாம் பிள்ளைக்குப் பொன்விளிம்பு போட்ட புத்தகம், இரண்டாம் பிள்ளைக்குச் சாதாரண அட்டைப் புத்தகம், மூன்றாம் பிள்ளைக்குக் கைகுலுக்கல். நான் ஏழு வருடம் நான்காம் பிள்ளை. வெள்ளை உடுப்புத் தோய்த்துப் போட்டுக்கொண்டு கைதட்டப் போவேன். ஆகவே ஐம்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே கப் என்றால், உதெல்லாம் ஒரு போட்டியோ, கச்சான் கடலை பகிர்ந்த மாதிரி என்று வீடுவரை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். ஆரணி கேட்கவில்லை. கப்பைத் தன் அறையில், கட்டிலுக்கு மேலே இருந்த தட்டில் வைத்துக்கொண்டாள்.

4

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுங்கத்தில் இருந்து தொலைபேசி வந்தது. விருதுகள் சென்னையில் ஒரு கடையில் செய்வித்து அனுப்பியவை. பித்தளைக்குப் பொன்முலாம். எங்கள் விழாவைப் பெருமைப்படுத்தவேண்டும் என்று கடைக்காரர் பொதியின் மேல் ஆங்கிலத்தில் 'தங்க விருதுகள், ஏழு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். தங்கம் என்றால் தங்கத்துக்கு உரிய பத்திரம் வேண்டும். தங்கம் இல்லை என்றால் ஏன் தங்கம் என்று எழுதினீர்கள் என்பதற்கு விளக்கம் வேண்டும். சுங்க அலுவலர் கோபப்படவே இல்லை. திங்கட்கிழமை வாருங்கள், பார்த்துத் தருகிறோம் என்றார். விருது வழங்கல் சனிக்கிழமை பின்னேரம் என்று சொன்னேன். அனுதாபப்பட்டார். நல்ல வார இறுதியாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்தார்.

நிலவறையில் அவசரக் கூட்டம். பொன்னண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். கனடாவில் இருந்தும் பாரிசில் இருந்தும் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள், வெறுங்கையோடு ஒருவரையும் மேடையில் ஏற்ற முடியாது என்றார். வழி சொன்னவன் சிவா.

"அண்ணை, எங்கட வீடு வீடாக் கப் கிடக்குதே. பிள்ளையளின்ர."

உண்மைதான். தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டி, குறள் மனனம், கரம்போட், பூப்பந்து என்று குரோருட்டில் கப் இல்லாத தமிழ் வீடு இல்லை. கண்ணாடி அலுமாரியில் வரிசையாக நிற்கும், தூசி தட்டுவதற்கே ஒரு சனிக்கிழமை போகும். ஒரு மணித்தியாலத்தில் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். பெயர்த் தகட்டின் மேல் தங்க நிறப் பரிசுத்தாளை வெட்டி ஒட்டினோம். பந்து உதைக்கும் காலையும் பூப்பந்து மட்டையையும் தாளால் மறைத்தோம். நான் எண்ணினேன். ஆறு. இன்னொரு முறை எண்ணினேன். மற்றவை காது உடைந்தவை, மேடைக்கு எடுக்கக்கூடிய நிலையில் இருந்தவை ஆறுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி, "ஆரணியின்ர இருக்குதல்லோ," என்றாள்.

ஆரணி அவ்வளவு எளிதாக விடவில்லை. திங்கட்கிழமை ஷீ ஓடின பிள்ளைகள் எல்லாரும் கப்பைக் கொண்டுவரவேண்டும், படம் எடுக்கப்போகிறார்கள் என்று ஆசிரியை சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தருவேன் என்று நான் சொன்னபிறகு சம்மதித்தாள். சனிக்கிழமை பின்னேரம் விருந்தாளி குளிக்கப்போன நேரம் பார்த்து, அறைக்குள் போய்த் தட்டில் இருந்த கப்பைத் துவாயில் சுற்றி எடுத்துவந்தேன். மேலே நின்ற மனிதனை என்ன செய்வது என்று தெரியவில்லை. தாளால் சுற்றினால் வெங்காயம் போல இருந்தது.

"விடு," என்றார் பொன்னண்ணை. "தூரத்தில நிண்டு பாக்க நடனமாடுற மாதிரித்தான் இருக்கும்."

மற்ற ஆறு பேருக்கும் மேடைக்குப் பின்னால் விஷயத்தைச் சொன்னோம். சிரித்தார்கள். ஒரு இயக்குநர், இதைவிட மோசமானதை எல்லாம் வாங்கியிருக்கிறேன் என்றார். கிழவருக்கு மட்டும் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வயது போன காலத்தில், முதல் தரமாக ஒரு விருதுக்கென்று கடல் தாண்டி வந்த மனிதரிடம், உங்களுக்குத் தரப்போவது ஒரு சின்னப்பிள்ளையின் பிளாஸ்டிக் கப் என்று எப்படிச் சொல்வது? உன் வீட்டில்தானே நிற்கிறார், நீயே சொல்லு என்று என் தலையில் கட்டினார்கள். முடிந்தபிறகு சொல்கிறேன் என்றேன்.

பெயரைக் கூப்பிட்டதும் மேடைக்கு வந்தார். கப்பை இரண்டு கையாலும் வாங்கினார். குனிந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு அதை மெதுவாகத் தூக்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். மண்டபத்தில் இருந்த நூற்று எண்பத்துமூன்று பேரும் எழுந்து நின்றார்கள். எழும்ப ஏலாது என்று வாசலோரம் இருந்த வேலுப்பிள்ளை மாஸ்டரும் எழும்பினார். அந்த நேரத்தில் எடுத்ததுதான் மயூரன் வைத்திருக்கும் படம்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அறைக்குள் இருந்து மனைவியோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியோடு கதவுக்கு வெளியே நின்றேன். "ஆமா, கைலதான் வச்சிருக்கேன்… நல்ல கனமா இருக்குடீ… எல்லாரும் எழுந்து நின்னாங்க," என்பது கேட்டது. அந்தக் கப் ஒரு தேங்காய்ச் சிரட்டையின் எடை இருக்காது. தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டேன்.

மத்தியானமும் சொல்லவில்லை. சாப்பிட்டபிறகு சொல்லலாம் என்று இருந்தேன். சாப்பிட்டபிறகு அவர் கண்ணயர்ந்தார். மனைவி என்னை முறைத்துக்கொண்டு திரிந்தாள். பின்னேரம் ஆரணி சிநேகிதி வீட்டில் இருந்து வந்தாள். சப்பாத்தைக் கழற்றிய கையோடு நேரே அறைக்குள் போனாள். நான் பின்னால் ஓடினேன், பிந்திவிட்டது.

"தாத்தா, என்ர கப்பைத் தாங்கோ. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேணும்."

நான் வாசலில் நின்றேன். அவர் கோபிக்கவில்லை, திகைக்கவுமில்லை. தலைமாட்டில் இருந்து கப்பை எடுத்தார். ஒட்டியிருந்த தங்கத்தாளை ஒரு மூலையில் பிடித்துக் கிழியாமல் உரித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"உன்னோடதுன்னு எனக்குத் தெரியும்டா கண்ணு. வந்த நாள்லேந்து இதுக்குக் கீழதான படுத்திருக்கேன். காலைல கண்ணு முழிச்சா முதல்ல இவரைத்தான் பாப்பேன்."

அந்த அறையைக் கொடுத்தவன் நான். தட்டில் இருந்த கப்பை எடுத்தவனும் நான். அவருக்கும் கண் இருக்கிறது என்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஐயா, மன்னிக்கவேண்டும், சுங்கத்தில் இப்படி ஆகிவிட்டது, திங்கட்கிழமை உங்கள் பெயர் வெட்டிய விருது வந்துவிடும் என்று எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன். தெரிந்துகொண்டா மேடையில் அப்படி வாங்கினீர்கள் என்றும் கேட்டேன்.

"கப்பு குழந்தையோடது. எழுந்து நின்னது எனக்குத்தானே சார்?"

பிறகு அவர் ஆரணியைக் கட்டிலில் இருத்தி, இதை எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டார். அவள் விழுந்ததையும், ஷீ கழன்று போனதையும், போய் எடுத்ததையும் கை காலால் நடித்துக் காட்டினாள். எத்தனாவதாக வந்தாய் என்று அவரும் கேட்டார். என் வயதுக்காரர் எல்லாருக்கும் வருகிற கேள்வி.

"அப்பிடி ஒண்டும் இல்லை. ஓடி முடிச்சாக் குடுப்பினம்."

"கடைசியா வர்றவனுக்கும்?"

"ஓம். அவைக்கும் உதே கப்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். குழந்தை சொல்வது மெய்யா என்று கேட்பது போல இருந்தது. மெய்தான் என்றேன். இந்த நாட்டில் சின்னப்பிள்ளைகளுக்கு இடம் பிரிக்கமாட்டார்கள் என்றேன். கச்சான் பகிர்ந்த கதையை நான் எடுக்கவில்லை.

அந்தப் பிளாஸ்டிக் மனிதனின் கைத்தடியைத் தடவினார்.

"எங்களுக்கெல்லாம் விருதுல பிரிவே கிடையாது சார். ஹீரோவுக்கு உண்டு, வில்லனுக்கு உண்டு, சிரிக்க வைக்கிறவனுக்கு உண்டு. ஃபைலைக் குடுத்துட்டுப் போறவனுக்கு என்ன பேர்ல குடுப்பாங்க? நான் யார்கிட்டயும் தோத்ததில்ல. ஓட்டத்துலயே சேத்துக்கல, அவ்வளவுதான்."

இதைச் சொல்லும்போது அவருடைய குரல் ரயில் போய்விட்டது என்று சொல்லும் குரலாகத்தான் இருந்தது. கப்பை ஆரணியின் மடியில் வைத்தார்.

6

இவ்வளவும் ஆரணிக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். அவள் இப்போது லில்லெஸ்ட்ரோமில் தனி வீடு எடுத்து இருக்கிறாள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் இருக்கிறது, ஆனால் மாதத்துக்கு ஒரு தரம்தான் அது அவளை இங்கே கொண்டுவருகிறது. மயூரன் கேட்ட அன்று பின்னேரம் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலை முடிந்து கடையில் வரிசையில் நின்றாள்.

ஒரு நடிகர் தாத்தா தன் அறையில் நின்றது ஞாபகம் இருக்கிறதாம். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் படுத்து வெக்கையில் நித்திரை வராமல் கிடந்தது ஞாபகம் இருக்கிறதாம். விழாவில் இலவங்கப்பட்டை பன் நான்கு சாப்பிட்டது நல்ல ஞாபகம். கப்பா, எந்தக் கப் என்று கேட்டாள். ஒவ்வொரு வருடமும் ஒன்று தந்தார்கள், எல்லாவற்றையும் வீடு மாறும்போது கொடுத்துவிட்டேன் என்றாள்.

நான் முழுக்கதையையும் சொன்னேன். நடுவில் காசாளரோடு நொர்வேஜிய மொழியில் இரண்டு வார்த்தை பேசினாள், பிறகு வந்தாள்.

"நீங்கள் ஏன் அப்பா அவ்வளவு பயந்தனீங்கள்? நேர கேட்டிருக்கலாம்தானே."

நாங்கள் நேரே கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை. ஒரு மனிதருக்குக் குறை வந்துவிடுமோ என்று கதவுக்கு வெளியே தேத்தண்ணியோடு நின்று வளர்ந்தவர்கள். அவள் அப்படி நிற்கத் தேவையில்லாத நாட்டில் வளர்ந்தாள், நல்லதுதான். ஆனாலும் தொலைபேசியை வைத்தபிறகு வீடு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

மயூரனுக்கு அன்றைக்கே செய்தி அனுப்பினேன். படத்தில் ஒன்றையும் அழிக்கவேண்டாம். வெட்டவும் வேண்டாம். இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயரோடு அந்தச் சின்ன மனிதனையும் 'பனிச்சறுக்குக்காரர்' என்று சேர்த்துக்கொள்ளலாம். அவன் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பினான். அது சம்மதமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

7

திங்கட்கிழமை ஆரணி கப்போடு பள்ளிக்குப் போனாள், நான் சுங்கத்துக்குப் போனேன். அலுவலர் ஒரு விருதை எடுத்துத் தட்டிப் பார்த்தார், நிறுத்துப் பார்த்தார், இது தங்கம் இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். அன்று இராச்சாப்பாட்டு மேசையில், மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில், வாழ்நாள் விருதை இரண்டாம் தரம் வழங்கினோம். என் மனைவிதான் கொடுக்கவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். எழுந்து நின்றவர்கள் மூன்று பேர். அவர் தன் பெயரை விரலால் எழுத்து எழுத்தாகத் தடவி வாசித்தார். பிழை இல்லாமல் வெட்டியிருந்தார்கள். நான் முன்பே பார்த்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்குப் புறப்படுகிற அவசரத்தில், ஆரணி கப்பைக் கொண்டுவந்து அவருடைய கைப்பைக்குள் செருகினாள். வேண்டாம் என்றார். "படம் எடுத்து முடிஞ்சுது தாத்தா. அடுத்த வருஷமும் தருவினம்," என்று சொல்லிவிட்டுப் படியில் ஓடினாள். அவர் அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். பித்தளை விருது அவருடைய பெட்டிக்குள், லுங்கியில் சுற்றி. கைப்பையின் ஜிப்பு பூட்டுப்படவில்லை, பனிச்சறுக்குக்காரனின் பலகைகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் கப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். பதிவு மேசையில் இருந்த நொர்வேஜியப் பெண் கடவுச்சீட்டைப் பார்த்தாள், சிவாவின் கோட்டுக்குள் நின்ற அந்தச் சின்ன மனிதரைப் பார்த்தாள், கப்பைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. நீங்களா ஓடினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அது என் மகளுடையது என்று விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார். எண்பத்துமூன்று படத்தில் ஒன்றிலும் நான் காணாத நிமிர்வு.

"ஆமாம் மேடம்," என்றார் அவரும் ஆங்கிலத்தில். "நிறையத் தடவை விழுந்தேன். ஆனால் ஓடி முடித்தேன்."

அந்தப் பெண் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, மேசைக்கு மேலால் கையை நீட்டினாள். அவர் கப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைக் கொடுத்தார்.